பிக்கப் இல்லாத பழைய மஸ்டாங்: தப்பு இன்ஜினிலா, கியர் பாக்ஸிலா?

1965 ஃபோர்ட் மஸ்டாங். 289 கன அங்குல வி8 இன்ஜின், நம்ம கணக்கில் 4.7 லிட்டர். மூன்று ஸ்பீடு ஆட்டோமேட்டிக். கேட்கும்போதே ஜிவ்வுனு இருக்கும். ஆனா ஓட்டுபவரின் கம்ப்ளெய்ன்ட் இதுதான்: ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சாலும் வண்டி இழுக்க மாட்டேங்குது. சத்தம் வருது, வேகம் வரல. சிக்னலில் பச்சை விழுந்தா பக்கத்துல நிக்கிற சின்ன கார்கூட முந்திக்கிட்டுப் போயிடுது.

இதைக் கேட்டவுடன் பத்தில் எட்டு பேர் சொல்லும் தீர்ப்பு, "ஆட்டோமேட்டிக்தானே, கியர் பாக்ஸ் போயிருக்கும், இறக்கிடுங்க." கியர் பாக்ஸை இறக்கி ஓவர்ஹால் செய்வது சின்னச் செலவு இல்லை. எல்லாம் முடிச்சு மறுபடி மாட்டின பிறகு வண்டி அதே மாதிரி ஊர்ந்து போச்சுன்னா? பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பலருக்கு இது நடந்திருக்கு. இந்த வண்டியில் ஸ்கேனர் சொருக போர்ட் கிடையாது, சென்சார் கிடையாது, எரர் கோடு கிடையாது. ஆனாலும் இன்ஜின் பவர் கொடுக்கலையா, இல்ல கொடுத்த பவரை கியர் பாக்ஸ் கடத்தலையா என்று பிரித்துச் சொல்ல வண்டிக்குள்ளேயே ஒரு அளவுகோல் இருக்கு. நாம ஃப்ளூயிட் மெஷினரி பேப்பருக்காக படம் வரைந்து பழகின டார்க் கன்வர்ட்டர்தான் அது. இந்தக் கட்டுரையோட மையம் அதுதான். அதற்கு முன்னாடி காசு செலவில்லாத சில விஷயங்களை முடிச்சிடலாம்.

முதல் விஷயம், கியர் லீவர். சிரிக்காதீங்க. 1964 முதல் 1966 வரை வந்த மஸ்டாங்கின் ஆட்டோமேட்டிக்கில் லீவர் பக்கத்தில் டி என்ற எழுத்தே கிடையாது. பி, ஆர், என், அதற்கடுத்து ஒரு சின்னப் புள்ளி, அதற்கடுத்து ஒரு பெரிய பச்சைப் புள்ளி, கடைசியில் எல். இன்றைய ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகினவர் என்ன செய்வார்? என்-ஐத் தாண்டி முதலில் வரும் இடத்தில் விட்டுடுவார், அதுதான் டிரைவ் என்று நினைத்து. ஆனா அந்தச் சின்னப் புள்ளி வழுக்கும் சாலைக்கானது. அதில் வண்டி இரண்டாம் கியரிலேயே கிளம்பும். முதல் கியரில் கிளம்ப பெரிய பச்சைப் புள்ளிக்குப் போகணும்.

இதன் விளைவைக் கணக்கா பாருங்க. இந்த வண்டியில் இருக்கும் ஃபோர்டின் சி4 கியர் பாக்ஸில் முதல் கியர் விகிதம் 2.46, இரண்டாவது 1.46, மூன்றாவது 1.00. முதலுக்குப் பதில் இரண்டாவதில் கிளம்பினால் சக்கரத்துக்குப் போகும் டார்க் 1.46 ÷ 2.46, அதாவது 59 சதவீதம்தான். எந்தப் பாகமும் பழுதாகாமலேயே கிளம்பும்போதான இழுவையில் 41 சதவீதம் காலி. இது பழுதே இல்லை, லேபிளைப் படிக்காத பிரச்சினை. 1967 மாடலில் ஃபோர்டு இந்தப் புள்ளிகளை எடுத்துட்டு டி, 2, 1 என்று மாற்றியது. நல்ல வேலை செஞ்சாங்க.

அடுத்தது, எதிர்பார்ப்பு. இந்த இன்ஜினின் இரண்டு பேரல் கார்புரேட்டர் வகைக்கு அன்று விளம்பரப்படுத்திய பவர் 200 குதிரைத்திறன். அது கிராஸ் கணக்கு. ஏர் கிளீனர், வண்டியின் முழு சைலன்சர் அமைப்பு, ஃபேன் மாதிரி பவரைத் தின்னும் எதுவும் இல்லாமல், இன்ஜினை மட்டும் டெஸ்ட் பெஞ்சில் ஓட்டி எடுத்த எண். அமெரிக்க கம்பெனிகள் 1972 மாடலிலிருந்துதான் நெட் கணக்குக்கு வந்தன. அதனால 200 என்ற எண்ணை மனசில் வைத்துக்கொண்டு இன்றைய 200 குதிரைத்திறன் காரோடு ஒப்பிட்டால் ஆரோக்கியமான மஸ்டாங்கூட சோம்பேறியாத்தான் தெரியும்.

மூன்றாவது, த்ராட்டில் நிஜமாவே முழுசா திறக்குதா? இன்ஜினை ஆஃப் செய்துட்டு ஏர் கிளீனரைக் கழற்றுங்க. ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதிக்கட்டும், நீங்க கார்புரேட்டர் உள்ளே எட்டிப் பாருங்க. தட்டுகள் செங்குத்தா நிக்கணும். பெடலிலிருந்து கார்புரேட்டர் வரை போவது ராடும் லீவரும்தான். அறுபது வருஷத் தேய்மானமும், பெடலுக்குக் கீழே போட்ட தடியான மேட்டும் சேர்ந்தால் தட்டு முக்கால்வாசியோடு நின்னுடும். அப்படியே மிதிக்கும்போது இரண்டு பேரலிலும் பெட்ரோல் உடனே பீய்ச்சுதான்னும் பாருங்க. பீய்ச்சலன்னா ஆக்சிலரேட்டர் பம்ப் டயாஃப்ரம் போயிருக்கு. அதன் அடையாளம் வேற மாதிரி: மிதிச்சதும் ஒரு நொடி திக்கி, அப்புறம் சரியா போகும்.

பிரேக் பிடிச்சிருக்கான்னு பார்க்க, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நாலு சக்கரத்தின் டிரம் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்க. தொடாதீங்க, பக்கத்தில் மட்டும். ஒன்று மட்டும் அடுப்பு மாதிரி இருந்தா அதுதான்.

இதெல்லாம் சரியா இருந்து வண்டி இன்னும் இழுக்கலன்னா, இப்ப கன்வர்ட்டருக்கு வரலாம்.

இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரா வைத்து ஒன்றை மட்டும் ஆன் செய்தா, காற்றுபட்டு மற்றதும் சுற்றும். எல்லா வாத்தியாரும் சொல்லும் உதாரணம் இது. ஆனா இதில் பாதிதான் இருக்கு. இது வெறும் ஃப்ளூயிட் கப்ளிங். கொடுத்த டார்க்தான் வெளியே வரும், ஒரு துளி கூடாது. டார்க் கன்வர்ட்டர் டார்க்கைப் பெருக்குவது எப்படி?

இன்ஜினோடு சுற்றும் பம்ப், ஆயிலை வெளிப்பக்கமா வீசுது. அது டர்பைனில் மோதி, அதன் வளைந்த பிளேடு வழியா திரும்பி, நடுப்பக்கமா பம்புக்கே வரும். வண்டி நிற்கும்போது டர்பைனும் நிற்கும். அப்போ திரும்பி வரும் ஆயில் பம்ப் சுற்றும் திசைக்கு எதிர்த் திசையில் வரும். அப்படியே பம்பில் மோதினால் இன்ஜினைப் பின்னுக்குத் தள்ளும். நடுவில் இருக்கும் ஸ்டேட்டர்தான் அதைப் பிடித்து, திசையைத் திருப்பி, பம்புக்கு உதவுகிற மாதிரி அனுப்புது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி ஸ்டேட்டர் மேல் ஒரு எதிர்விசை வரும். அதைத் தாங்க ஸ்டேட்டர் ஒரு ஒன்-வே கிளட்ச் மேல் உட்கார்ந்திருக்கு. பின்பக்கம் சுற்றாது, முன்பக்கம் மட்டும் சுற்றும். சமன்பாடு ரொம்ப எளிது: டர்பைன் டார்க் = பம்ப் டார்க் + ஸ்டேட்டர் தாங்கும் டார்க். நின்ற நிலையில் இது சாதாரண கார்களில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். வண்டி வேகமெடுத்து டர்பைன் வேகம் பம்ப் வேகத்தை நெருங்கினதும், ஆயில் ஸ்டேட்டரின் முதுகில் அடிக்க ஆரம்பிக்கும். அப்ப அது தானா முன்பக்கம் சுற்றி வழிவிடும். பெருக்கலும் நின்னுடும்.

இப்ப முக்கியமான இடம். டர்பைன் நின்றிருக்கும்போது பம்பைச் சுற்றத் தேவையான டார்க், அதன் ஆர்பிஎம்மின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். இதை ஒரு கிராஃபா வரைங்க. கன்வர்ட்டர் கேட்கும் டார்க் பரவளையமா மேலே ஏறும். இன்ஜின் கொடுக்கும் டார்க் கிட்டத்தட்ட தட்டையான ஒரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்துக்கு மேல் இன்ஜினால் ஒரு சுற்றுகூட ஏற முடியாது. பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவைத்து, கியரில் போட்டு, முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் டேக்கோமீட்டர் முள் போய் நிற்கும் இடம் அதுதான். அதற்குப் பேர் ஸ்டால் ஸ்பீடு. டைனமோமீட்டரில் இன்ஜினை ஒரு பிரேக்கோடு மோதவிட்டு அளக்கிறோமே, அதே வேலையை இங்கே கன்வர்ட்டர் இலவசமா செய்யுது.

ஒரு உதாரணம். நல்ல நிலையில் ஒரு வண்டியின் ஸ்டால் ஸ்பீடு 1700 என்று வைத்துக்கொள்வோம். உண்மையான எண்ணை அந்தந்த வண்டியின் வொர்க்‌ஷாப் மேனுவலில் பாருங்க. உங்க வண்டியில் 1450 தான் வருது. 1450 ÷ 1700 = 0.853. வர்க்கம் எடுத்தா 0.73. அதாவது இன்ஜின் தரவேண்டிய டார்க்கில் 73 சதவீதம்தான் தருது. எட்டு சிலிண்டரில் இரண்டு செத்துப்போனால் எவ்வளவு மிஞ்சும்? 75 சதவீதம், உராய்வைக் கழித்தா இன்னும் கொஞ்சம் குறைவு. ஒரு டேக்கோமீட்டர் ரீடிங்கிலிருந்து இவ்வளவு தூரம் வரலாம். ஆர்பிஎம் வெறும் 250 குறைஞ்சதுதானேன்னு விட்டிருந்தா இது தெரியவே வந்திருக்காது. வர்க்கம் இருக்கும் இடத்தில் சின்ன வித்தியாசம் சின்னதில்லை.

டெஸ்ட்டை எப்படிச் செய்வது என்று சொல்வதற்கு முன் ஒரு எச்சரிக்கை, இதை ஸ்கிப் பண்ணாதீங்க. 1965 மஸ்டாங்கில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. எங்கேயாவது ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்து பிரேக்கும் ஒரே நேரத்தில் போயிடும். இரட்டைச் சுற்று வந்தது 1967 மாடலில்தான். முழு ஆக்சிலேட்டரில் இருக்கும் வி8-ஐ அந்த ஒற்றைச் சுற்றுதான் பிடித்து வைத்திருக்கு. அதனால பிரேக் ஹோஸும் ஆயில் அளவும் பார்க்காமல் இந்த டெஸ்ட் வேண்டாம். சக்கரங்களுக்கு முன்னாடி கட்டை, ஹேண்ட் பிரேக் முழுசா, கால் பிரேக் முழுசா. வண்டிக்கு முன்னாடியும் பின்னாடியும் யாரும் நிற்கக் கூடாது, வீடியோ எடுக்கிற நண்பர் உட்பட. சுவரைப் பார்த்து நிறுத்துவதும் வேண்டாம்.

இன்ஜினும் கியர் பாக்ஸ் ஆயிலும் நல்லா சூடான பிறகு, பச்சைப் புள்ளியில் போட்டு, ஆக்சிலேட்டரை முழுசா மிதித்து, முள் நின்ற இடத்தைப் படித்துட்டு, உடனே காலை எடுங்க. அதிகபட்சம் 5 நொடி. ஏன் இவ்வளவு கறார்னா, வண்டி நகரல, அதனால இன்ஜின் பவர் முழுக்க ஆயிலில் சூடா மாறுது. 1700 ஆர்பிஎம்மில் 340 நியூட்டன் மீட்டர் என்று வைத்தால் சுமார் 60 கிலோவாட். ஹாஸ்டலில் இருக்கும் 2 கிலோவாட் கெய்சர் மாதிரி 30 கெய்சரை அந்தச் சின்ன டப்பாவுக்குள் ஆன் செய்த கதை. உள்ளே 5 கிலோ ஆயில் இருக்குன்னு எடுத்தால், உலோகத்துக்குப் போகும் சூட்டைக் கணக்கில் விட்டால், 5 நொடியில் 30 டிகிரி ஏறும். அதனால ஒவ்வொரு ரீடிங்குக்குப் பிறகும் நியூட்ரலில் போட்டு ஓரிரு நிமிஷம் இன்ஜினைக் கொஞ்சம் உயர்ந்த ஐடிலில் ஓடவிடுங்க, ஆயில் கூலருக்குப் போய் வரட்டும். அப்புறம் எல்-லிலும் ஆர்-இலும் இதையே செய்யணும். நடுவில் எப்போதாவது முள் நிற்காமல் சர்ருன்னு ஏறினா உடனே விட்டுடுங்க, உள்ளே ஏதோ வழுக்குது.

வழுக்கல்தான் நிஜமான கியர் பாக்ஸ் கேஸ். எந்த நிலையில் எண் அதிகமா வருது என்பதே எந்தப் பாகம் என்று காட்டிக்கொடுக்கும். எல்லா நிலையிலும் அதிகம்னா ஆயில் பிரஷர் குறைவு, முதலில் ஆயில் லெவலைப் பாருங்க. பச்சைப் புள்ளியில் மட்டும் அதிகம், எல்-லில் சரின்னா முதல் கியரின் ஒன்-வே கிளட்ச். ஏன்னா எல்-லில் அதன் வேலையை ஒரு பேண்ட் சேர்ந்து செய்யுது. முன்னோக்கிப் போகும் எல்லாவற்றிலும் அதிகம், ரிவர்ஸில் சரின்னா ஃபார்வர்டு கிளட்ச். இந்த மூன்றில் ஒன்று வந்தால் "இறக்கிடுங்க" என்று சொன்னவர் சரி.

ஆனா "இழுக்கல" என்ற கம்ப்ளெய்ன்ட்டோடு எண் குறைவா வந்தால் கதை வேற. கொஞ்சம் குறைவுன்னா இன்ஜின். ரொம்பவே குறைவுன்னா, அதாவது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு, ஸ்டேட்டரின் ஒன்-வே கிளட்ச் உடைஞ்சு இரண்டு பக்கமும் சுற்றுதுன்னு சந்தேகப்படணும். ஸ்டேட்டர் தாங்காததால் சமன்பாட்டில் அந்த டார்க் பூஜ்யம். பெருக்கல் போச்சு. அதுக்கு மேல, எதிர்த் திசையில் வரும் ஆயில் நேரா பம்பில் மோதி இன்ஜினையும் அழுத்துது. அதனாலதான் நல்ல இன்ஜின்கூட மூச்சு வாங்கும்.

ரொம்ப சோர்ந்த இன்ஜினையும் கெட்ட ஸ்டேட்டரையும் எப்படிப் பிரிப்பது? ரோட்டுக்குப் போங்க. சமதரையில் மெதுவா வேகமெடுத்து 80 கிலோமீட்டரைத் தாண்டுங்க. அந்த வேகத்தில் நல்ல ஸ்டேட்டரும் சும்மா சுற்றத்தான் செய்யும். அதனால ஸ்டேட்டர் கெட்ட வண்டி கிளம்பும்போது அழுதாலும் அங்கே இயல்பா ஓடும். இன்ஜின் சோர்ந்த வண்டி அங்கேயும் அழும். இதுக்கு நேர்மாறான கேஸும் உண்டு. ஸ்டேட்டர் ஜாம் ஆகி எந்தப் பக்கமும் சுற்றாமல் நின்னா ஸ்டால் ஸ்பீடு சரியா இருக்கும், கிளம்பலும் சரியா இருக்கும், ஹைவேயில் மட்டும் வேகம் ஏறாது, கியர் பாக்ஸ் ஆயில் கொதிக்கும். கன்வர்ட்டரின் இரண்டு பாதியையும் வெல்டு செய்து மூடியிருப்பாங்க. பிரித்துப் பார்க்க வழியில்லை. வெளியிலிருந்து இப்படி யோசிச்சுத்தான் சொல்லணும்.

இப்ப இன்ஜின்தான் என்று முடிவானால், அடுத்த கருவி வேக்குவம் கேஜ். இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டி ஐடிலில் பார்த்தால் ஆரோக்கியமான இன்ஜின் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டி முள் ஆடாமல் நிற்கும். ஆடாமல் ஆனா குறைவா நின்னா இக்னிஷன் டைமிங் லேட். ஒரே தாளத்தில் துடிச்சா ஏதோ ஒரு வால்வு. 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கிக்கிட்டே போனா, வெளியே போகும் பாதையில் அடைப்பு. அந்தக் கால வி8-களில் எக்சாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் பைப்புக்கும் நடுவில் ஒரு ஹீட் ரைசர் வால்வு இருக்கும். குளிர் நாட்டில் இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்க வைத்தது. துருப்பிடிச்சு மூடிய நிலையிலேயே இறுகிடுச்சுன்னா வி-யின் ஒரு பக்கத்து நாலு சிலிண்டரும் சரியா மூச்சு விட முடியாது. தட்டி, எண்ணெய் விட்டா சரியாகிற கேஸ் இது. இதுக்காக கியர் பாக்ஸை இறக்கினவங்க நிலைமையை நினைச்சுப் பாருங்க.

டைமிங்கில் ஒரு வலை இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச பழுது இதுதான். டைமிங் லைட் அடித்துப் பார்க்கும் கோடு கிராங்க் முனையில் இருக்கும் டேம்பரின் வெளிவளையத்தில் இருக்கு. உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவில் ரப்பர். அறுபது வருஷத்தில் அந்த ரப்பர் காய்ந்து, வெளிவளையம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா நழுவும். கோடு இடம் மாறிடும். மெக்கானிக் மேனுவலில் போட்ட டிகிரியில் துல்லியமா செட் செய்வார், லைட்டும் சரின்னு சொல்லும், ஆனா உண்மையான டைமிங் பத்து டிகிரி தள்ளியிருக்கும். ஸ்கேலே நீண்டுபோச்சுன்னா எவ்வளவு கவனமா அளந்து என்ன? முதல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் பிஸ்டன் வந்து முட்டும்படி ஒரு ஸ்டாப்பரை மாட்டி, பேட்டரி ஒயரைக் கழற்றிட்டு, கிராங்க்கைக் கையால் இரண்டு பக்கமும் முட்டும்வரை திருப்புங்க. இரண்டு இடத்துக்கும் சரியா நடுவில்தான் டிடிசி. பழைய கோடு அங்கே இல்லன்னா டேம்பரை மாற்றணும்.

டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைத் திறந்து ரோட்டரைக் கையால் லேசா முறுக்கி விடுங்க, ஸ்பிரிங் மாதிரி தானா திரும்பணும். திரும்பலன்னா உள்ளே இருக்கும் எடைகள் காய்ந்த கிரீஸில் ஒட்டிக்கிச்சு. வேகம் ஏற ஏற டைமிங் முன்னேறாது. வேக்குவம் அட்வான்ஸ் டயாஃப்ரம் கிழிஞ்சா அது வேற. முழு த்ராட்டிலில் வேக்குவமே இருக்காது, அதனால அது முழு மிதியில் இழுக்காததுக்குக் காரணம் ஆகாது, மைலேஜைத்தான் கெடுக்கும். இரண்டையும் குழப்பிக்காதீங்க.

ஸ்டால் ஸ்பீடு சரி, இன்ஜின் சரி, ஆனாலும் ஓவர்டேக் செய்யும்போது மட்டும் வண்டி தூங்குதா? கார்புரேட்டரிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் கிக்-டவுன் ராடைப் பாருங்க. யாரோ கார்புரேட்டர் மாற்றும்போது திரும்ப மாட்டாமல் விட்டிருப்பாங்க. முழுசா மிதிச்சாலும் கீழ் கியருக்கு இறங்காது. கியர் மாறுவது தாமதமாகி, இடிச்சு மாறினா, கியர் பாக்ஸ் பின்பக்கம் இருக்கும் வேக்குவம் மாடுலேட்டரின் ஹோஸைக் கழற்றிப் பாருங்க. ஹோஸ் வெடிச்சிருந்தா மாடுலேட்டருக்கு வேக்குவம் வராது, நீங்க எப்பவும் முழுசா மிதிச்சிருக்கீங்கன்னு அது நம்பிக்கும். ஹோஸுக்குள் சிவப்பு ஆயில் இருந்தா டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு, இன்ஜின் கியர் பாக்ஸ் ஆயிலை உறிஞ்சிக் குடிச்சிட்டிருக்கு. சைலன்சரில் வெள்ளைப் புகையும், எங்கேயும் ஒழுகாமலே குறையும் ஆயிலும் இதால்தான். மாற்ற வேண்டியது உள்ளங்கை அளவு டப்பா ஒன்று.

எல்லாமே சரியா இருந்தும் இழுக்கலன்னா, யாராவது முன்னொரு காலத்தில் பின் ஆக்சிலையே மாற்றியிருக்கலாம். ஹைவேயில் பெட்ரோல் மிச்சமாகும்னு குறைந்த விகித டிஃப்ரன்ஷியல் போடுவது வழக்கம்தான். இதைக் கண்டுபிடிக்க எதையும் பிரிக்க வேண்டாம். நியூட்ரலில் போட்டு, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு பின் சக்கரம் தரையிலேயே இருக்க, மற்றதை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்க. ஹேண்ட் பிரேக்கை விட்டுட்டு, தூக்கின சக்கரத்தைக் கையால் சரியா இரண்டு சுற்று சுற்றுங்க. ஒரு சக்கரம் நின்று மற்றது இரண்டு சுற்று சுற்றினால் டிஃப்ரன்ஷியல் கணக்கில் அது ஒரு சுற்று. அதற்குள் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸால் போட்ட கோடு எத்தனை சுற்று வருதோ அதுதான் ஆக்சில் விகிதம். மூன்று சுற்றுன்னா 3.00. அதை வண்டியின் கதவில் இருக்கும் தகட்டில் உள்ள ஆக்சில் கோடோடு ஒப்பிட்டுப் பாருங்க.